பலாலிக்கு டிக்கெட் போடும்போது தவிர்க்க வேண்டிய பிழைகள்

யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு டிக்கெட் போட்டுக் கொடுக்கும் தொழிலுக்குப் புதிதாக வந்த தம்பிமார், தங்கச்சிமார் சிலரின் வேலையை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். தொடக்கத்தில் நான் விட்ட அதே பிழைகள். லண்டனிலும் பாரிஸிலும் இருந்துகொண்டு அம்மா அப்பாவுக்குத் தாங்களே ஆன்லைனில் போடும் பிள்ளைகளும் அவற்றையே விடுகிறார்கள். பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடி எழுதுங்கள், திகதியைச் சரிபாருங்கள் என்பதெல்லாம் தெரிந்த விஷயம். அதை விட்டுவிடுவோம்.

சென்னையில் "சும்மா மாறுகிறோம்" என்று நினைப்பது

பலாலியில் இப்போது இறங்குபவை ஏடிஆர் 72 போன்ற, எழுபது எண்பது பேர் ஏறும் சின்ன விமானங்கள். ஐரோப்பாவிலிருந்து நேரே வர வழியில்லை. சென்னையிலோ திருச்சியிலோ, இல்லாவிட்டால் கொழும்பிலோ மாறித்தான் வரவேண்டும்.

லண்டன்–சென்னை ஒரு டிக்கெட், சென்னை–பலாலி இன்னொரு டிக்கெட் என்று தனித்தனியாகப் போட்டால் பல நேரம் மலிவாக வரும். ஆனால் அவை ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு பயணங்கள். உங்கள் பொதி தானாக அடுத்த விமானத்துக்கு மாறாது. குடிவரவைத் தாண்டி, பொதியை எடுத்து வெளியே வந்து, திரும்ப உள்ளே போய்ச் செக்-இன் செய்யவேண்டும். குடிவரவைத் தாண்டினால் இந்தியாவுக்குள் நுழைந்ததாகத்தான் கணக்கு. அதற்கு இந்திய விசா வேண்டும். "நாங்கள் ஊருக்குத்தானே போகிறோம்" என்று அங்கே சொல்லிப் பயனில்லை.

லண்டனிலிருந்து ஒரு அக்கா, தாயாரின் அந்தியேட்டிக்கு (இறந்தவருக்குச் செய்யும் கிரியைக்கு) வரப் புறப்பட்டார். அங்குள்ள ஒரு டிக்கெட் கடையில் இப்படி இரண்டு டிக்கெட் போட்டுக் கொடுத்திருந்தார்கள். பிரித்தானியக் கடவுச்சீட்டும் இலங்கைக்கான ஈ.டி.ஏ. என்ற இணையவழிப் பயண அனுமதியும் கையில் இருந்தன. செக்-இன் செய்த பெண் இந்திய விசாவைக் கேட்டார்; இல்லை; ஏற்றவில்லை. முதல் விமானத்தைத் தவறவிட்டதால் இரண்டாவது டிக்கெட்டும் வீணானது. கொழும்புக்கு வேறு விமானம் தேடிப் பிடித்து அவர் வீடு வந்து சேர்ந்தபோது அந்தியேட்டி முடிந்திருந்தது. காசை எப்படியும் உழைத்துவிடலாம், அந்த நாளை யார் திருப்பித் தருவது? "இந்திய விசா இருக்கிறதா?" என்று டிக்கெட் விற்றவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

விசா எடுத்தாலும் எந்த விசா என்று பாருங்கள். இந்தியாவின் 30 நாள் சுற்றுலா ஈ-விசாவில் இரண்டு தடவை நுழையலாம். ஆனால் முதல் தடவை நுழைந்த நாளிலிருந்தே அந்த 30 நாள் ஓடத் தொடங்கிவிடும். நல்லூர்த் திருவிழாவே 25 நாள். கொடியேற்றத்துக்கு ஒரு கிழமை முன்பு வந்து, தீர்த்தம் முடிந்து புறப்பட்டால் 30 நாள் தாண்டிவிடும். திரும்பும் வழியில் சென்னைக்குள் நுழைய விசா இருக்காது. நீண்ட நாள் நிற்பவர்களுக்கு, பலமுறை நுழையக்கூடிய ஓராண்டு விசாவைப் போடுங்கள். 30 நாள் விசாவானால் இந்தியாவுக்கு வரும் நாளுக்கு நான்கு நாளாவது முன்பு விண்ணப்பிக்கவேண்டும். வேறு அலுவல்களை அதற்குப் பிறகு பாருங்கள்.

ஒரே பதிவில் இரண்டு விமானமும் வந்தாலும், பொதி பலாலி வரை, அதாவது ஜே.ஏ.எஃப் என்ற குறியீடு வரை போகுமா என்று விமான நிறுவனத்திடமே கேளுங்கள். ஊகத்தில் விடாதீர்கள்.

பொதி நிறை

பெரிய விமானத்தில் அனுமதித்த நிறையைச் சின்ன விமானம் ஏற்காது. இரண்டு டிக்கெட்டில் எது குறைவோ அதற்கே பெட்டி கட்டுங்கள். மிஞ்சும் ஒவ்வொரு கிலோவுக்கும் சென்னைக் கவுண்டரில் காசு கட்டவேண்டிவரும்.

இரண்டு மணி நேர இடைவெளி

ஒரு விமானத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே அது போதாது. டெல்லி, மும்பை வழியாக வருபவர் சென்னையில் உள்நாட்டு முனையத்தில் இறங்கி, பொதியோடு சர்வதேச முனையத்துக்குப் போய், வாசலில் டிக்கெட்டும் கடவுச்சீட்டும் காட்டி நுழையவேண்டும். வரிசை எவ்வளவு நீளம் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. திரும்பும் பயணத்தில் இன்னும் கவனம் வேண்டும், ஏனென்றால் தவறவிடப்போவது விலைகூடிய நீண்டதூர விமானம். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் நான் ஒரு இரவு சென்னையில் தங்கவைத்தே போடுவேன். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலால் சென்னை விமான நிலையமே மூடப்பட்டது.

பழைய அட்டவணை

பலாலி 2019 அக்டோபர் 17இல் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. கோவிட்டால் சேவை நின்று, 2022 டிசம்பரில்தான் சென்னை விமானம் மீண்டும் வந்தது. திருச்சிச் சேவை 2025 மார்ச்சில் தொடங்கியது. இப்படி மாறிக்கொண்டே இருக்கும் இடத்துக்கு, போன வருடம் மாமா வந்த நேரத்தை நம்பி மற்ற டிக்கெட்டை வாங்காதீர்கள். முதலில் பலாலி விமானத்தின் நாளையும் நேரத்தையும் உறுதிசெய்யுங்கள். அப்புறம் லண்டன் டிக்கெட்.

ரத்மலானையா, கட்டுநாயக்காவா?

கொழும்பிலிருந்து உள்நாட்டு விமானமென்றால் டிக்கெட்டில் எது எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இரண்டும் கொழும்புப் பக்கத்து விமான நிலையங்கள்தான், ஆனால் ரத்மலானை நகருக்குத் தெற்கே, கட்டுநாயக்கா வடக்கே.

படம் எடுப்பது

பக்கத்தில் விமானப்படைத் தளம். எடுக்காதீர்கள்.

வண்டி

யாழ் நகருக்கு ஏறத்தாழ 17 கிலோமீற்றர். வயதானவர்கள் வந்தால் வண்டியை முதல்நாளே பேசி, சாரதியின் இலக்கத்தைத் தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள். வெளிநாட்டு சிம் அங்கே வேலை செய்யும் என்று நம்பியிருக்க வேண்டாம்.