பல போர்டுகளுக்கு ஒரே ஃபர்ம்வேர் களஞ்சியம்: வைஃபை கோப்புகளை ஒழுங்குபடுத்தும் முறை

லினக்ஸ் இயங்கும் சிறு போர்டுகளில் உள்ள வைஃபை சிப் பெரும்பாலும் வெறுமையாகவே விழித்தெழுகிறது. அதற்குள் ஓட வேண்டிய நிரலை, போர்டு இயங்கத் தொடங்கும் ஒவ்வொரு முறையும், கர்னலில் (லினக்ஸின் மையப் பகுதியில்) உள்ள, சிப்பை இயக்கும் டிரைவர்தான் சேமிப்பிலிருந்து எடுத்து ஏற்றுகிறது. அந்த நிரலைத்தான் ஃபர்ம்வேர் என்கிறோம். ஒரே ஒரு போர்டை வைத்திருப்பவருக்கு இதைப் பற்றிய கவலை எழாது. பத்து வகைப் போர்டுகளுக்கு ஒருவரே இமேஜ் (போர்டில் பதியும் முழு இயங்குதள நகல்) தயாரிக்க வேண்டியிருந்தால், எந்தக் கோப்பு எதற்கு உரியது என்பதே பெரிய குழப்பமாகிவிடும்.

தொடக்கத்தில் நான் போர்டுக்கு ஒரு கோப்புறை என்று வைத்திருந்தேன். சில மாதங்களில் ஒரே பெயரில் ஆறு கோப்புகள் சேர்ந்துவிட்டன. அவற்றில் எது புதியது, எது எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. இப்போது சிப்பை வைத்தே பிரிக்கிறேன்; போர்டுக்கு உரியதை மட்டும் தனியே வைக்கிறேன். கீழே சொல்லும் முறை முழுவதும் இந்தப் பிரிவினை மீதே நிற்கிறது.

முதல் படி: டிரைவர் எதைக் கேட்கிறது?

ஊகித்துக் கோப்புகளைச் சேர்க்கக் கூடாது. போர்டை இயக்கி, கர்னலின் பதிவுகளைக் காட்டும் டிமெசெக் கட்டளையின் வெளியீட்டில் ஃபர்ம்வேர் என்ற சொல்லைத் தேடுங்கள். கோப்பு கிடைக்கவில்லை என்றால், கேட்கப்பட்ட கோப்பின் முழுப் பெயரும் பிழை எண் -2 என்பதும் அங்கே பதிவாகியிருக்கும். அந்த எண்ணுக்கு "அப்படியொரு கோப்பு இல்லை" என்று மட்டுமே பொருள். சிப் பழுதாகிவிட்டது என்று பலர் பயந்துபோவது இந்த வரியைப் பார்த்துத்தான். போர்டு கையில் இல்லாதபோது மோடின்ஃபோ கட்டளையால் டிரைவர் மாட்யூலை (கர்னல் தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளும் தனிக் கோப்பை) கேட்டால், அது தேடக்கூடிய கோப்புகளின் பட்டியல் கிடைக்கும். ஆனால் அந்தப் பட்டியலில் எல்லாப் பெயர்களும் இருக்கும் என்று நம்பிவிட முடியாது, ஏனெனில் சில பெயர்களை டிரைவர் ஓடும்போதுதான் உருவாக்குகிறது.

இரண்டாம் படி: கோப்புகளை வகை பிரித்தல்

இந்தப் படியில் அவசரப்பட வேண்டாம். பிராட்காம் குடும்பத்தின் 43430 சிப்பை எடுத்துக்கொள்வோம். ராஸ்பெர்ரி பை 3 போர்டில் உள்ள சிப்பையும், பனானா பை எம்2 ஜீரோ போர்டில் உள்ள ஏபி6212 என்ற வைஃபை வன்பொருள் மாட்யூலையும் கர்னல் இந்த எண்ணாலேயே அடையாளம் காண்கிறது. சிப்புக்குள் ஓடும் நிரல் ".bin" என்று முடியும் கோப்பில் உள்ளது. அது சிப்பைச் சார்ந்தது. அதனோடு ".txt" என்று முடியும் என்விரேம் கோப்பும் தேவை. ஆன்டெனா எப்படி இணைக்கப்பட்டிருக்கிறது, எவ்வளவு திறனில் அலைபரப்பலாம், கடிகாரப் படிகத்தின் அதிர்வெண் 26 மெகாஹெர்ட்ஸா 37.4 மெகாஹெர்ட்ஸா என்பன போன்ற விவரங்கள் அதில் உள்ளன. அது போர்டைச் சார்ந்தது. சில சிப்களுக்கு, நாடுதோறும் அனுமதிக்கப்பட்ட அலைவரிசைகளைச் சொல்லும் சிஎல்எம் கோப்பும் உண்டு.

வேறொரு போர்டின் என்விரேம் கோப்பை வைத்தால் சில வேளைகளில் வைஃபை அறவே எழாது. அதைவிடத் தொல்லையானது, அரைகுறையாக வேலை செய்வது. ஒருமுறை ஒரு போர்டு, ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்தால் ஒழுங்காக இணைந்து, அடுத்த அறைக்குக் கொண்டுபோனவுடன் துண்டித்துக்கொண்டே இருந்தது. ஆன்டெனாவையும் மின்னிணைப்பையும் இரண்டு நாள் சோதித்த பிறகுதான், நானே நகலெடுத்து வைத்த என்விரேம் கோப்பு இன்னொரு போர்டுக்கு உரியது என்று கண்டேன்.

எல்லா நிறுவனத்தாரும் இப்படிப் பிரிப்பதில்லை. குவால்காமின் ஏடிஎச்10கே டிரைவருக்கான போர்டு-2 என்ற கோப்பு, பல போர்டுகளின் அளவீட்டு விவரங்களை ஒன்றாகக் கட்டிவைத்திருக்கிறது; உரியதை, உள்ளே இருக்கும் அடையாளத்தைக் கொண்டு டிரைவரே தேடிக்கொள்கிறது. அதைப் பிரிக்க முனையாமல் அப்படியே விட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி: களஞ்சியத்தை அமைத்தல்

கிட் (கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் மென்பொருள்) களஞ்சியம் ஒன்றைத் தொடங்கி, அதற்குள் மூலம், போர்டுகள் என்று இரண்டு கோப்புறைகளை உருவாக்குங்கள். லினக்ஸ்-ஃபர்ம்வேர் என்ற பொதுக் களஞ்சியத்திலிருந்து எடுத்த கோப்புகளை, அங்கே இருந்த பெயரையும் உட்கோப்புறையையும் மாற்றாமல், மூலம் என்பதற்குள் வையுங்கள். பெயரை மாற்றினால் அடுத்த முறை புதுப்பிக்கும்போது எதை எதனோடு ஒப்பிடுவது என்று தெரியாமல் போகும். அந்தப் பொதுக் களஞ்சியத்தில் வென்ஸ் என்றொரு கோப்பு உண்டு. எந்தக் கோப்பு எந்த டிரைவருக்கு, எந்த உரிமத்தின் கீழ் வருகிறது என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். இமேஜைப் பிறருக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் உரிமக் கோப்புகளையும் உடன் எடுத்துக்கொள்வது கட்டாயம்.

போர்டுகள் கோப்புறைக்குள் ஒவ்வொரு போர்டுக்கும் ஓர் உரைக் கோப்பு போதும். அதில் வரிக்கு ஒரு கோப்பாக, மூலத்தில் அது இருக்கும் இடம், போர்டில் அது பெற வேண்டிய பெயர், அதன் எஸ்எச்ஏ-256 கூட்டெண் (கோப்பு மாறினால் தானும் மாறிவிடும் அடையாள எண்) ஆகிய மூன்றையும் எழுதுங்கள். இமேஜ் கட்டும் ஸ்கிரிப்ட் இந்தப் பட்டியலைப் படித்து, கூட்டெண் பொருந்தினால் மட்டுமே நகலெடுக்க வேண்டும். பொருந்தாவிட்டால் எச்சரித்துவிட்டுத் தொடராமல் அங்கேயே நின்றுவிட வேண்டும். கையால் நகலெடுக்கும் பழக்கத்தை இத்துடன் விட்டுவிடலாம்.

போர்டில் பெற வேண்டிய பெயர் என்று தனியே எழுதச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பிராட்காம் டிரைவர் முதலில், போர்டின் வன்பொருளைக் கர்னலுக்கு விவரிக்கும் டிவைஸ் ட்ரீயில் கம்பாட்டிபிள் என்ற புலத்தில் உள்ள முதல் பெயரைச் சேர்த்து என்விரேம் கோப்பைத் தேடும். கிடைக்காவிட்டால்தான் பொதுப் பெயருக்குத் திரும்பும். ஆகவே பனானா பை எம்2 ஜீரோவுக்கு "சினோவாய்ப், பிபிஐ-எம்2-ஜீரோ" என்ற ஒட்டோடு ஒரு குறியீட்டு இணைப்பை உருவாக்கி, அதை ஏபி6212 கோப்பை நோக்கித் திருப்பினால் போதும். ஒரே இமேஜில் பல போர்டுகளின் கோப்புகள் இருந்தாலும் அப்போது ஒன்றோடொன்று மோதாது.

நான்காம் படி: இமேஜில் வைத்துச் சோதித்தல்

கோப்புகள் லிப் கோப்புறைக்குள் இருக்கும் ஃபர்ம்வேர் கோப்புறைக்குப் போக வேண்டும். அதனுள் அப்டேட்ஸ் என்ற உட்கோப்புறை இருந்தால் கர்னல் முதலில் அதைத்தான் பார்க்கும். சோதனைக்கான கோப்பை அங்கே வைத்துப் பார்த்துவிட்டு நீக்கிவிடலாம்; பழைய கோப்பைத் தொட வேண்டியதில்லை. நீக்க மறந்தால், களஞ்சியத்தில் எதை மாற்றினாலும் போர்டில் பலன் தெரியாது.

எல்லாக் கோப்பும் இடத்தில் இருந்தும் பிழை -2 வருகிறதா? டிரைவர் கர்னலுக்குள்ளேயே சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால், ரூட் கோப்பு முறைமை (லிப் கோப்புறை இருக்கும் முதன்மைக் கோப்பு அமைப்பு) ஏற்றப்படும் முன்பே அது ஃபர்ம்வேரைத் தேடித் தோற்றிருக்கும். டிரைவரை மாட்யூலாகக் கட்டுவது எளிய வழி. இயலாவிட்டால் கோப்புகளை இனிட்ராம்எஃப்எஸ் (கர்னலோடு சேர்ந்தே ஏற்றப்படும் சிறு கோப்பு முறைமை) உள்ளே சேர்க்க வேண்டும். இடத்தை மிச்சப்படுத்தக் கோப்புகளைச் சுருக்கியிருந்தாலும் இதே பிழை வரக்கூடும். எக்ஸ்இசட் சுருக்கத்தைக் கர்னல் 5.3 முதலும், இசட்ஸ்டாண்டர்டு சுருக்கத்தை 5.19 முதலும்தான் படிக்க முடியும். அதற்கான தேர்வையும் கர்னல் அமைப்பில் இயக்கியிருக்க வேண்டும்.

வைஃபை எழுந்த பிறகு, டிமெசெக் வெளியீட்டில் டிரைவர் அறிவிக்கும் ஃபர்ம்வேர் பதிப்பு எண்ணை அந்தப் போர்டின் உரைக் கோப்பில் தேதியோடு எழுதி, களஞ்சியத்தில் கமிட் (பதிவு) செய்யுங்கள்.