சிறப்புப் படைக் கனவு: செலக்‌ஷனுக்கு முன்பே ஆளைக் கவிழ்க்கும் தவறுகள்

சிறப்புப் படையில் சேர ஆசைப்படுகிற பலரும் முதலில் தேடுவது உடற்பயிற்சி அட்டவணையை. உள்ளே நுழையும் வழி எது என்று பார்ப்பதில்லை. பிரிட்டனின் சிறப்புப் படையான எஸ்ஏஎஸ், ஏற்கெனவே படையில் இருப்பவர்களிலிருந்துதான் ஆள் எடுக்கிறது. இந்தியாவின் பயங்கரவாத எதிர்ப்புப் படையான என்எஸ்ஜிக்கு ராணுவத்திலிருந்தும் மத்திய காவல் படைகளிலிருந்தும் அயல்பணியில்தான் வருகிறார்கள். அமெரிக்க ராணுவத்தில் '18 எக்ஸ்' என்ற நேரடி வழி உண்டு. ஆனால் அது தருவது தேர்வில் கலந்துகொள்ளும் வாய்ப்பை மட்டுமே. தேறாதவர் வேறு பிரிவுக்குப் போய் ஒப்பந்தக் காலத்தை முடிக்க வேண்டும். அதனால் சாதாரணப் படைவீரர் வேலையே பிடிக்காதவர் இந்தப் பாதையில் கால் வைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நிறப் பார்வை, காது, பழைய எலும்பு முறிவு போன்ற மருத்துவத் தகுதிகளையும் ஆரம்பத்திலேயே சரிபார்த்துவிடுங்கள்.

அடுத்து பயிற்சி. அதிகம் பேர் அடிபடுவது இங்கேதான். எஸ்ஏஎஸ் தேர்வின் மலைக்கட்டம் வேல்ஸின் பிரெக்கன் பீக்கன்ஸில் நடக்கும். அதன் கடைசி நடை சுமார் 64 கிலோமீட்டர். முதுகில் சுமையோடு, வரைபடத்தையும் திசைகாட்டியையும் வைத்துக்கொண்டு, தனியாக, 20 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். இதைப் படித்த வேகத்தில் பையில் 25 கிலோவை ஏற்றி ரோட்டில் ஓட ஆரம்பிக்கிறார்கள். மூச்சும் தசையும் சில வாரங்களில் பழகிவிடும், எலும்பு பழக மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியில்தான் கீழ்க்கால் எலும்பில் மயிரிழை விரிசல் விழுகிறது. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பை ஒரு விரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். வலி பரவலாக இருந்தால் பெரும்பாலும் தசை, சவ்வு சார்ந்த வலிதான். ஒரே புள்ளியில் சுருக்கென்று குத்தினால் அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். சுமையைக் குறைவாகத் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள்; சுமையோடு ஓடாமல் வேகமாக நடங்கள். பூட்ஸை முன்கூட்டியே போட்டுப் பழக்குங்கள். பாதத்தில் சூடு தெரிந்ததுமே நின்று டேப் ஒட்டுங்கள், கொப்புளம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

நீச்சலில் நடக்கும் தவறு உயிரையே வாங்கும். நீருக்கடியில் அதிக நேரம் இருக்கலாம் என்று நினைத்து, மூழ்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சு இழுத்து விடுகிறார்கள். இதனால் உடலில் ஆக்சிஜன் பெரிதாக அதிகரிக்காது. மாறாக, கார்பன் டை ஆக்சைடு குறைந்துவிடும். மூச்சு விடச் சொல்லி நம்மை உந்துவதே அந்த வாயுதான். உந்துதல் வருவதற்கு முன்பே ஆக்சிஜன் தீர்ந்து, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் நினைவு தப்பிவிடும். நன்றாக நீந்துகிறவர்களே இப்படி இறந்திருக்கிறார்கள். மூச்சடக்கும் பயிற்சியைத் தனியாகச் செய்யவே செய்யாதீர்கள். விஷயம் தெரிந்த ஒருவர் கரையிலிருந்து உங்களை மட்டும் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும்.

எல்லா வலியையும் மறைப்பதுதான் வீரம் என்ற எண்ணமும் ஆபத்தானது. 2013 ஜூலையில் பிரெக்கன் பீக்கன்ஸில் நடந்த தேர்வு நடையில் வெப்பத்தால் பாதிக்கப்பட்டு மூன்று ரிசர்வ் வீரர்கள் இறந்தார்கள். 2022-ல் அமெரிக்கக் கடற்படையின் சிறப்புப் படையான சீல் பிரிவின் தேர்வில், 'ஹெல் வீக்' என்ற கொடிய வாரத்தை முடித்த ஒருவர் சில மணி நேரத்திலேயே நிமோனியாவால் இறந்தார்.  குளிர், தூக்கமின்மை, தோள் எரிச்சல் எல்லாம் தாங்க வேண்டியவைதான். ஆனால் மூச்சுத் திணறல், குழப்பம், கருந்தேநீர் நிறத்தில் சிறுநீர் ஆகியவற்றைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது. உடனே சொல்லிவிட வேண்டும்.

அப்புறம், தனி ஆளாக ஜொலிக்கும் ஆசை. ஹெல் வீக்கில் ஐந்தரை நாளில் மொத்தமாகவே நான்கு மணி நேரம்போலத்தான் தூக்கம் கிடைக்கும். ரப்பர் படகைக் குழுவாகத் தலைமேல் தூக்கி ஓடும்போது ஒருவர் தலையைச் சாய்த்தாலும் அந்த எடை பக்கத்தில் இருப்பவர் கழுத்தில் இறங்கும். யார் சாய்க்கிறார் என்று குழுவுக்கு நன்றாகத் தெரியும். அமெரிக்க ராணுவத்தின் சிறப்புப் படைத் தேர்வில் தேர்வுக்கு வந்தவர்களே ஒருவரையொருவர் மதிப்பிடும் முறையும் உண்டு. குழு விளையாட்டிலோ, இப்போதிருக்கும் பிரிவிலோ, களைத்துப்போன நேரத்தில் அடுத்தவர் சுமையில் கை கொடுத்துப் பழகுங்கள்.

முதல் முறை தேறாவிட்டால் அவசரப்பட்டு மறுபடி விண்ணப்பிக்க வேண்டாம். பல படைகள் மறுவாய்ப்பு தருகின்றன, ஆனால் அளவோடுதான். எங்கே விழுந்தீர்கள், காலிலா, திசை கண்டுபிடிப்பதிலா, தண்ணீரிலா என்று எழுதிவைத்து, காயம் முழுதாக ஆறிய பிறகு முதலில் அந்த ஒன்றைச் சரிசெய்யுங்கள்.