அலாஸ்கா கப்பல் பயணம்: கரையில் எதை புக் செய்வது, பெட்டியில் எதை வைப்பது

அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டுக்குப் போகிற நம் கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பெற்றோர் இப்போது நயாகராவோடு நிற்பதில்லை. சியாட்டிலில் கப்பலேறி ஒரு வாரம் அலாஸ்காவையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். அப்பா அம்மாவை நான் கூட்டிப் போய் வந்ததிலிருந்து, எந்தக் கப்பல் நல்ல கப்பல், எந்த ரூம் எடுக்கலாம் என்று கேட்டு ஆள் மாற்றி ஆள் போன் செய்கிறார்கள். என்னைக் கேட்டால், பால்கனி ரூமுக்குக் கொடுக்கும் கூடுதல் காசைக் கரையில் செலவு செய்யுங்கள். ஊரைக் காட்டுவது உள்ளூர்க்காரர்கள்தான்.

முதல் வேலை விசா. 1886ஆம் ஆண்டின் ஓர் அமெரிக்கச் சட்டப்படி, வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் சியாட்டிலில் கிளம்பி அங்கேயே திரும்புவதானால் நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும். அதனால்தான் கடைசியில் கனடாவின் விக்டோரியாவில் ஒரு சாயங்காலம் நிற்கிறது. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு அமெரிக்க விசாவோடு கனடா விசாவும் வேண்டும். பிள்ளைகளுக்கு கிரீன் கார்டு இருந்தால் அவர்களுக்குத் தேவைப்படாது. அதை வைத்து அப்பா அம்மாவுக்கும் வேண்டாம் என்று இருந்துவிடாதீர்கள். கனடா விசா கைக்கு வந்த பிறகே டிக்கெட்டுக்கு முழுப் பணத்தையும் கட்டுங்கள்.

அப்புறம் கரைச் சுற்றுலா. கப்பல் கம்பெனியிடமே வாங்கலாம், உள்ளூர் ஆட்களிடம் நேரடியாகவும் வாங்கலாம். கப்பல் மூலம் போனால், வண்டி தாமதமானாலும் உங்களை விட்டுவிட்டுப் போக மாட்டார்கள். நேரடியாக புக் செய்தால் நேரம் உங்கள் பொறுப்பு, கப்பல் காத்திருக்காது. ஆனால் விலை பெரும்பாலும் குறைவு, கூட்டம் சின்னது, படகோட்டியிடம் நின்று நாலு வார்த்தை பேசலாம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் முடிகிறதை உள்ளூரில் வாங்குங்கள். தூரமாக, மலை தாண்டிப் போகிறதைக் கப்பலில் வாங்குங்கள். எப்படியானாலும் கப்பலேற வேண்டிய கடைசி நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாலாவது திரும்புகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். அலாஸ்கா நேரம் சியாட்டிலுக்கு ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் கடிகாரத்தையும் மாற்றினார்களா என்று தினமும் விசாரியுங்கள். அப்பா இதில் கறார். “நாலரைக்கு ஏறோணும்னா மூணு மணிக்கே அங்க நின்னரோணும் சாமி” என்பார். அந்த ஊருக்கு அது சரியான கணக்கு.

அலாஸ்காவில் கப்பல் நிற்கும் ஊர்கள் ஜூனோ, ஸ்காக்வே, கெட்சிகன். இதில் ஜூனோவில் காசு செலவழிக்கத் தயங்காதீர்கள். திமிங்கிலம் பார்க்கும் படகுகள் ஆக் பே என்ற இடத்திலிருந்து கிளம்புகின்றன. புக் செய்யும் முன் கேட்க வேண்டியவை: படகில் எத்தனை பேர், மூடிய ஹீட்டர் கேபின் உண்டா, டாய்லெட் உண்டா, துறைமுகத்திலிருந்து கூட்டிப் போய்த் திரும்ப விடுவார்களா, வானிலையால் கப்பல் ஜூனோவுக்கே வராமல் போனால் முழுப் பணமும் திரும்புமா. வயதானவர்களோடு போகிறவர் டாய்லெட் கேள்வியை விடவே கூடாது. கூனல் முதுகுத் திமிங்கிலத்துக்கு 100 கஜத்துக்குள் படகு நெருங்கக் கூடாது என்பது அங்கே சட்டம். அந்தத் தூரமே போதும். எங்கள் படகின் இஞ்சினை நிறுத்தியதும் ஒரு பெருமூச்சுச் சத்தம், வெள்ளையாக ஒரு நீர்ப்புகை. காற்று எங்கள் பக்கம் திரும்பியபோது அம்மா மூக்கைச் சுளித்து, “ஏனுங்க, கருவாட்டு நாத்தமடிக்குதுங்க” என்றார். திமிங்கிலத்தின் மூச்சு அப்படித்தான் இருக்கும். அடுத்த நிமிடம் வால் மேலே எழும்பித் தண்ணீர் ஒழுக உள்ளே போனது.

மெண்டன்ஹால் பனியாறு ஜூனோ ஊரிலிருந்து சுமார் 19 கிலோமீட்டர். திமிங்கிலத்தோடு இதையும் சேர்த்துத் தரும் டூர்கள் உண்டு, சீக்கிரம் தீர்ந்துவிடும். அங்கே நகட் அருவி வரை நடைபாதை பெரும்பாலும் சமதளம், முட்டிவலிக்காரர்களும் நிதானமாக நடக்கலாம்.

ஸ்காக்வேயில் வைட் பாஸ் மலை ரயிலில் போகலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் ஓட ஆரம்பித்தது 1899இல். வைட் பாஸ் பாதையை 1898இல் தொடங்கி 1900இல் முடித்தார்கள். நம் மலை ரயிலுக்குப் பல்சக்கரம் உண்டு, இதற்குக் கிடையாது. சாதாரணத் தண்டவாளத்திலேயே 32 கிலோமீட்டரில் 2,865 அடி ஏறுகிறது. ஏறும்போது இடது பக்கம் உட்காருங்கள். எல்லை தாண்டி கனடாவின் யூகான் வரை போகும் பஸ் டூர் எடுத்தால் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க, கனடா விசா இரண்டும் பலமுறை நுழைய அனுமதிப்பவையா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

கெட்சிகனில் எதையும் புக் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. ஓடைக்கு மேல் மரத்தூண்களில் நிற்கும் கிரீக் தெரு, பழங்குடியினர் உருவங்கள் செதுக்கிய டோட்டம் மரக் கம்பங்கள் எல்லாம் நாமாகவே பார்க்கலாம். கப்பல் ஊருக்கு வெளியே வார்டு கோவ் துறையில் நின்றால் மட்டும், ஊருக்குள் பஸ்ஸில் வந்து போகும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கெட்சிகனில் வருடத்துக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. வால்பாறை பக்கம் சின்னக்கல்லாறு போனவருக்கு அது எப்படிப்பட்ட மழை என்று தெரியும். அதனால் பெட்டி கட்டும்போது குளிரைவிட ஈரத்தையே நினையுங்கள். கோடையில் பகலில் 10 முதல் 18 டிகிரி இருக்கும், நனைந்த உடம்புக்கு அதுவே தாங்காது.

இனி என் தொழில். காட்டன் பனியனை விற்றுச் சாப்பிடுகிற திருப்பூர்க்காரியாகச் சொல்கிறேன், அங்கே உடம்பை ஒட்டிக் காட்டன் வேண்டாம். ஈரத்தைக் குடித்துவிட்டுக் காயாமல் ஒட்டிக்கொண்டே இருக்கும். முதல் அடுக்கு பாலியஸ்டர் அல்லது மெரினோ கம்பளித் தெர்மல் உள்ளாடை. இரண்டாவது ஃப்ளீஸ் என்ற மெத்தென்ற துணியில் தைத்த ஜாக்கெட். எங்கள் ஊர் பனியன் கடைவீதியான காதர்பேட்டையில் ஃப்ளீஸ் என்று கேட்டால், உட்புறம் பிரஷ் செய்த காட்டனையும் எடுத்துப் போடுவார்கள். போலார் ஃப்ளீஸ் என்று கேளுங்கள், லேபிளைப் படியுங்கள், துணியின் கனம் 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்) போதும். மூன்றாவது மழை ஜாக்கெட். கடையிலேயே அதை உள்வெளியாகத் திருப்பித் தோள் தையல்மேல் விரலை ஓட்டுங்கள். தையலை மூடி வழவழவென்று டேப் ஒட்டியிருக்க வேண்டும். ஊசி போன ஓட்டைகள் தெரிந்தால் துணி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தண்ணீர் இறங்கும். வீட்டுக்கு வந்ததும் அடியில் டிஷ்யூவை வைத்து, தோள்மேல் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கூடவே மழை பேன்ட், குல்லா, கையுறை, நனையாத ஷூ, மாற்று சாக்ஸ். குடை காற்றுக்கு நிற்காது.

கரையில் அம்மாக்களுக்குச் சேலை வேண்டாம், சேலையின் ஓரம் நனைந்தால் கால் விறைத்துவிடும். கப்பலில் உடுத்திப் போகும் இரவு விருந்துக்குப் பட்டுச் சேலையும் வேட்டி சட்டையும் கட்டாயம் எடுத்துப் போங்கள், அழகாக இருக்கும்.

எலக்ட்ரிக் கெட்டில், அயர்ன் பாக்ஸ், குக்கர் எதையும் கப்பலில் விடமாட்டார்கள், எடுத்து வைத்துக்கொண்டு கடைசியில் தருவார்கள். வெந்நீர் பஃபேயில் கிடைக்கும், எனவே சுக்குக் காபித் தூள் போதும். பருப்புப் பொடி சீல் உடையாத கம்பெனி பாக்கெட்டாக இருக்கட்டும். சைவம் என்று புக்கிங்கிலேயே எழுதுங்கள், இரவு உணவில் தலைமை சர்வரிடம் சொன்னால் அடுத்த நாளுக்குப் பருப்பும் காய்கறியும் செய்து தர ஏற்பாடு செய்வார். 8 மடங்கு பைனாகுலர் நல்லது, அதற்கு மேல் போனால் படகில் ஆடும். ஜூனில் இரவு 10 மணி வரை வெளிச்சம், தூங்கும்போது கண்ணை மறைக்கும் பட்டை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். டூர் டிரைவருக்கும் கைடுக்கும் டிப்ஸ் தர 5 டாலர் நோட்டுகள் தனியாக இருக்கட்டும்.

பெரிய பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள், ரூமுக்கு வந்து சேரச் சாயங்காலம்கூட ஆகும். பாஸ்போர்ட், சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள், வாந்தி மாத்திரை, டாக்டர் சீட்டு, ஒரு ஸ்வெட்டர் இவ்வளவும் கைப்பையில் இருக்க வேண்டும்.