தெருப் பூனையின் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் கேட்பது எப்படி?

அடிபட்ட பூனையைத் துண்டில் சுற்றி அட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஓடும்போது யாரும் செலவைப் பற்றி யோசிப்பதில்லை. மறுநாள் பில்லைப் பார்க்கும்போதுதான் வயிற்றைக் கலக்கும். முன்பின் தெரியாதவர்களிடம் பணம் கேட்கக் கூச்சமாகவும் இருக்கும். நாலைந்து பூனைகளுக்காகக் கேட்டுக் கேட்டு எனக்கு அந்தக் கூச்சம் போய்விட்டது. ஒழுங்காகக் கணக்குக் காட்டினால் மக்கள் கொடுக்கத்தான் செய்கிறார்கள்.

படி 1: எஸ்டிமேட் வாங்குங்கள்

போட்டோ போடுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். "மொத்தம் எவ்வளவு ஆகும் டாக்டர்?" என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். இன்றைக்கே வேண்டியது: டிரிப், வலி மருந்து, எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை. உடம்பு தேறினால் வேண்டியது: அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு: தங்கும் செலவு, தடுப்பூசி, கருத்தடை. ஒவ்வொன்றுக்கும் குறைந்தது எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். உங்கள் இலக்கு அந்த அதிகபட்சத் தொகை.

ஏன் இவ்வளவு தூரம் போகிறேன் என்றால், வண்டியில் அடிபட்ட பூனை வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் உட்கார்ந்திருக்கும். உள்ளே மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் கிழிந்து குடல் மார்புக்கூட்டுக்குள் ஏறியிருக்கும். எக்ஸ்ரே எடுத்த பிறகு செலவு இரண்டு மடங்கானாலும் ஆச்சரியமில்லை. எஃப்ஐபி என்று பூனைகளுக்கு வரும் ஒரு வைரஸ் நோய்க்கு மருந்து பொதுவாக 84 நாள் வரை போகும். அதற்கு ஒரே முறை கேட்டால் போதாது, மாதாமாதம் பிரித்துக் கேட்க வேண்டும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஆண் பூனை முக்கி முக்கி உட்கார்ந்தும் சிறுநீர் வரவில்லை என்றால் எஸ்டிமேட், வசூல் எதற்கும் காத்திருக்கக் கூடாது. ஓரிரு நாளில் உயிர் போய்விடும். முதலில் சிகிச்சை, பாக்கியைத் தவணையில் கட்ட முடியுமா என்று ஆஸ்பத்திரியிலேயே கேளுங்கள்.

படி 2: பணம் யார் கைக்கு வர வேண்டும்?

முடிந்தவரை உங்கள் கைக்கு வர வேண்டாம். பூனையின் பெயரில் ஒரு கணக்கு வைத்து, கொடுப்பவர்கள் நேராக அங்கேயே கட்ட முடியுமா என்று ஆஸ்பத்திரியில் கேட்டுப் பாருங்கள். முடியாதென்றால் இதற்கென்றே தனியாக ஒரு வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் வரும் கணக்கில் கலந்துவிட்டால் பிறகு நீங்களே பிரிக்க முடியாமல் தவிப்பீர்கள். நிதி திரட்டும் தளங்களில் பணப் பரிமாற்றக் கட்டணம் பிடிப்பார்கள், பணம் கைக்கு வரச் சில நாள் ஆகும். இரண்டையும் முதலிலேயே கணக்கில் சேருங்கள்.

படி 3: எழுதுவது

கண்ணீர்க் கதை வேண்டாம். நான் எழுதிய ஒன்று இது:

"செவ்வாய் இரவு சாலையோரம் கிடந்த ஆண் பூனை. வயது ஒன்று இருக்கலாம். இடது பின்தொடை எலும்பு முறிவு. சாப்பிடுகிறான், சிறுநீர் போகிறான். வெள்ளியன்று அறுவை சிகிச்சை. எஸ்டிமேட் இரண்டாம் படத்தில். பணத்தை நேராக ஆஸ்பத்திரியில் கட்டலாம். மிஞ்சினால் இன்னொரு தெருப் பூனையின் கருத்தடைக்குப் போகும்."

"சிறுநீர் போகிறான்" என்பதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். பூனை வளர்ப்பவர்கள் முதலில் கேட்பதே அதைத்தான்.

ரத்தம் வழியும் படத்தைப் போட்டால் பார்ப்பவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்துவிடுவார்கள். கூண்டுக்குள்ளிருந்து பார்க்கும் முகம் ஒன்று, எக்ஸ்ரே ஒன்று போதும். பில்லைப் படமெடுத்துப் போடும்போது உங்கள் முகவரியையும் போன் நம்பரையும் மறைத்துவிடுங்கள்.

படி 4: யாரிடம் கேட்பது?

எடுத்த எடுப்பில் குரூப்பில் போடாதீர்கள். அங்கே எல்லாரும் "ஐயோ பாவம்" போட்டுவிட்டு, வேறு யாராவது கொடுப்பார்கள் என்று இருந்துவிடுவார்கள். தெரிந்த பத்துப் பேருக்குப் பெயர் சொல்லித் தனித்தனியாக அனுப்புங்கள். கொஞ்சம் சேர்ந்த பிறகு பொதுவில் போட்டால், ஏற்கெனவே சிலர் கொடுத்திருப்பதைப் பார்த்துப் புதியவர்களும் கொடுப்பார்கள்.

படி 5: கணக்கு

இதில்தான் நான் அடி வாங்கினேன். முதல் பூனை நான்காம் நாள் இறந்துவிட்டது. திரட்டியதில் பாதி கையில் இருந்தது. மிஞ்சும் பணத்தை என்ன செய்வேன் என்று நான் எங்கும் எழுதவில்லை. அழுதுகொண்டிருந்த நேரத்தில் "மீதி என்ன ஆச்சு?" என்று ஒருவர் கேட்டார். கோபம் வந்தது, ஆனால் அவர் கேட்டதில் தப்பில்லை. அதனால்தான் மேலே உள்ள பதிவில் "மிஞ்சினால்" என்று தொடங்கும் கடைசி வாக்கியம்.

ஒரு நோட்டில் தேதி, வரவு, செலவு, பில் எண் எழுதுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை அந்தப் பக்கத்தைப் படமெடுத்துப் போடுங்கள். கொடுத்தவர் சம்மதித்தால் மட்டும் பெயர் போடுங்கள். இலக்கு எட்டியதும் "போதும், இனி அனுப்ப வேண்டாம்" என்று உடனே சொல்லிவிடுங்கள்.

தையல் பிரிக்கும் நாளில், பெரும்பாலும் 10 முதல் 14 நாளில், கடைசியாக ஒரு போட்டோ போடுங்கள். அந்தத் தொடை முறிந்த பயலின் போட்டோவுக்குக் கீழே, பணம் கொடுத்த ஒருவர், "இவனை யார் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள்?" என்று கேட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கூடையோடு வந்துவிட்டார்.