யு.எஸ்.பி. இயக்கியில் ரீசெட்டையும் திடீர் இணைப்புத் துண்டிப்பையும் கையாளும் முறை

லினக்ஸ் கெர்னலுக்கு யு.எஸ்.பி. இயக்கி எழுதுபவர், சாதனத்தின் ஆயுளும் அதற்காக இயக்கி ஒதுக்கிய நினைவகத்தின் ஆயுளும் வெவ்வேறானவை என்பதை முதலில் மனத்தில் நிறுத்த வேண்டும். கேபிளைப் பிடுங்கிய பிறகும் ஏதேனும் ஒரு நிரல் சாதனக் கோப்பைத் திறந்தே வைத்திருக்கக்கூடும். சாதனமும் இயக்கியும் பிரியும்போது கெர்னல் செய்யும் டிஸ்கனெக்ட் அழைப்பில், சாதனத்துக்கென ஒதுக்கிய தரவுக் கட்டமைப்பை உடனே விடுவித்துவிட்டால், அந்த நிரலின் அடுத்த ரீட், விடுவிக்கப்பட்ட நினைவகத்தைத் தொடும். ஆகவே கட்டமைப்புக்குள் அதை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணி, பூஜ்ஜியமானதும் விடுவிக்கும் கேரெஃப் எண்ணியை வைத்து, ப்ரோப்பிலும் (இயக்கி சாதனத்துடன் பிணையும் அழைப்பு) ஒவ்வொரு ஓப்பனிலும் அதை உயர்த்தி, டிஸ்கனெக்டிலும் ரிலீஸிலும் (கோப்பு மூடப்படும்போது வரும் அழைப்பு) குறைக்க வேண்டும். டெவ்எம் வகை ஒதுக்கீடு வசதியானதுதான். ஆனால் இயக்கி சாதனத்தை விட்டுப் பிரிந்தவுடன் அது தானாக விடுவிக்கப்படுவதால், திறந்த கோப்பு தொடக்கூடிய எதையும் அதன் பொறுப்பில் விடக்கூடாது. அனுபவசாலிகளும் சறுக்கும் இடம் இது.

டிஸ்கனெக்டில் வரிசை முக்கியம். புதிய ஓப்பன் வராதபடி சாதனக் கோப்பின் பதிவை நீக்க வேண்டும்; பின்பு மியூடெக்ஸைப் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் அனுமதிக்கும் பூட்டு) பிடித்து, "துண்டிக்கப்பட்டது" என்ற கொடியை ஏற்றி, மியூடெக்ஸை விட வேண்டும்; அதன் பின்னரே நிலுவையிலுள்ள யு.ஆர்.பி.களை (யு.எஸ்.பி. பரிமாற்றக் கோரிக்கைகள்) நிறுத்தி, இறுதியாகக் கேரெஃபைக் குறைக்க வேண்டும். ரீட், ரைட் இரண்டும் அதே மியூடெக்ஸுக்குள் கொடியைப் பார்த்து, அது ஏறியிருந்தால் "சாதனம் இல்லை" எனும் ஈ-நோ-டெவ் பிழையைத் திருப்ப வேண்டும். மாட்யூலை நீக்கும்போதும் டிஸ்கனெக்ட் அழைக்கப்படும் என்பதால், வன்பொருள் போய்விட்டது என்று அங்கே முடிவு கட்டக்கூடாது.

பெரும்பாலான சிக்கல்கள், கோரிக்கை முடிந்ததும் அழைக்கப்படும் யு.ஆர்.பி. நிறைவுச் செயற்கூறில்தான் பிறக்கின்றன. கோரிக்கையின் நிலை −2, −104, −108 ஆகியவற்றில் (ரத்தானது அல்லது நிறுத்தப்பட்டது என்பதைக் காட்டும் எண்கள்) ஒன்றாக இருந்தால், மீண்டும் அனுப்பாமல் திரும்பிவிடலாம். கேபிள் பிடுங்கப்பட்டதை ஹப் இயக்கி கவனிப்பதற்கு முந்தைய சிறு இடைவெளியில், ஒவ்வொரு கோரிக்கையும் −71 அல்லது −84 போன்ற பரிமாற்றப் பிழையுடன் திரும்பக்கூடும். மோசமான கேபிளும் இதே பிழைகளைத் தரும் என்பதால் இரண்டையும் அங்கே பிரித்தறிய வழியில்லை. உடனுக்குடன் மறுபடி அனுப்பினால் கெர்னலின் செய்திப் பதிவேடு பிழைச் செய்திகளால் நிரம்பும். டைமர் வழியே சற்றுத் தாமதித்து, குறிப்பிட்ட முறைகளுக்கு மேல் போகாமல் முயல்வது நல்லது. ஆனால் டைமர் யு.ஆர்.பி.யை அனுப்ப, யு.ஆர்.பி. டைமரை மறுபடி ஓட்ட, டிஸ்கனெக்டில் எதை முதலில் நிறுத்துவது என்ற கேள்வி எழும். யு.ஆர்.பி.யை பாய்சன் செய்துவிட்டால் அதை மறுபடி அனுப்பும் முயற்சிகள் தோற்கும். அதன் பிறகு டைமரை நிறுத்தினால் சுழல் அறுந்துவிடும்.

ரீசெட் வேறு வகை. சாதனம் அப்படியே இருக்கிறது; அதன் உள்நிலை மட்டும் அழிகிறது. ரீசெட்டுக்கு முன் அழைக்கப்படும் ப்ரீ-ரீசெட் செயற்கூறில் எல்லாப் பரிமாற்றங்களையும் நிறுத்தி, பின் அழைக்கப்படும் போஸ்ட்-ரீசெட் வரும் வரை மியூடெக்ஸைப் பிடித்தே வைத்திருக்கலாம். கான்ஃபிகரேஷனைக் கெர்னலின் யு.எஸ்.பி. கோர் பகுதி மீட்டுத் தரும். சாதனத்துக்கே உரிய ரெஜிஸ்டர் மதிப்புகளை இயக்கிதான் திரும்ப எழுத வேண்டும். இவ்விரு செயற்கூறுகளிலும் சேமிப்பகத்தில் எழுதத் தூண்டாத ஜி.எஃப்.பி. நோ-ஐ.ஓ. என்ற குறியைக் கொண்டே நினைவகம் கேட்க வேண்டும்; இல்லாவிட்டால் நினைவக மீட்பு, ரீசெட்டில் இருக்கும் அதே சாதனத்தின் சேமிப்பகத்தில் எழுதக் காத்து நின்றுவிடலாம். இச்செயற்கூறுகளை எழுதாத இயக்கியை, கோர் கழற்றிவிட்டு ரீசெட் முடிந்ததும் மறுபடி பிணைக்கும்.

இயக்கியே ரீசெட் கோர நேர்ந்தால், சொந்த ஒர்க்-கியூவிலிருந்து (பின்னணி வேலைகளின் வரிசை) நேரடியாக அழைப்பது ஆபத்து: டிஸ்கனெக்ட் சாதனப் பூட்டைப் பிடித்தபடி அந்த வேலை முடியக் காத்திருக்க, வேலையோ அதே பூட்டுக்காகக் காத்திருக்கும். யு.எஸ்.பி. கியூ ரீசெட் டிவைஸ் என்ற செயற்கூறு இதற்காகவே இருக்கிறது.

சோதிக்கும்போது, தவறான நினைவக அணுகலைக் கண்டுபிடிக்கும் கேசன் வசதியை இயக்கிய கெர்னலில் தரவு ஓடிக்கொண்டிருக்கையிலேயே கேபிளைப் பிடுங்க வேண்டும். கெர்னலின் சாதன விவரங்களைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸின் அன்பைண்ட் கோப்பு வழியாகவும் இயக்கியைக் கழற்றிப் பார்த்து, கோப்பைத் திறந்து வைத்திருந்த நிரலை அதன் பிறகே மூட வேண்டும்.