கேப் காட்டில் பேஸ்பால் பார்க்க: நோட்டும் பென்சிலும் மறக்காதீர்கள்

ஜூன் பாதிக்கு மேல் ஆகஸ்ட் தொடக்கத்துக்குள் பாஸ்டன் பக்கம் போனால் ஒரு மாலையைக் கேப் காட் என்ற கடலோரத் தீபகற்பத்துக்கு ஒதுக்கிவிடுங்கள். அங்கே கேப் காட் பேஸ்பால் லீக் ஆட்டங்கள் நடக்கும். டிக்கெட் கிடையாது. நன்கொடை கேட்டு வருவார்கள், தாராளமாகப் போடுங்கள், பத்து ஊர் அணிகளும் அந்தக் காசிலும் ஊர்க்காரர்கள் உழைப்பிலும்தான் ஓடுகின்றன.

முதல் தடவை என்றால் ஆர்லீன்ஸ் ஊர் எல்ட்ரெட்ஜ் பார்க்தான் என் சிபாரிசு. மைதானத்தை ஒட்டிப் புல்சரிவு இருக்கும், காலையிலேயே போர்வை விரித்து இடம் பிடித்துவிட்டுக் கடலுக்குப் போய்வரலாம். இன்னொரு ஊரான சாத்தம் போனால் ஸ்வெட்டர் அவசியம். அங்கே கடல்மூடுபனி இறங்கி, அவுட்ஃபீல்டில், அதாவது மைதானத்தின் தொலைவுப் பகுதியில், நின்ற பையன் கண்ணெதிரே மறைந்து ஆட்டம் நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன்.

ஆடுபவர்கள் எல்லோரும் கல்லூரிப் பையன்கள். சம்பளம் இல்லை, உள்ளூர்க் குடும்பங்கள்தான் வீட்டில் தங்கவைத்துச் சாப்பாடு போடுகின்றன. கல்லூரியில் உலோக மட்டை, இங்கே 1985 முதல் மர மட்டை. கைப்பிடிக்குப் பக்கத்தில் பந்து பட்டாலும் உலோக மட்டையில் தப்பித்துவிடலாம், மரம் சடக்கென்று முறியும், பையன் கையில் மிஞ்சிய துண்டோடு நாலடி ஓடிவிட்டுத்தான் கீழே போடுவான். எவன் இந்த மட்டைக்குப் பழகுகிறான் என்று பார்க்கத்தான் பெரிய தொழில்முறை அணிகளின் ஆட்கள் பந்தின் வேகத்தை அளக்கும் வேகமானியோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

சரி, நோட்டு எதற்கு? ஆட்டத்தை எழுதிவைக்கத்தான். களத்தில் நிற்கும் ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எண் உண்டு: பந்து வீசுபவர் 1, மட்டையாளருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சர் 2, முதல் பேஸில் (ஓடுபவர் தொட வேண்டிய இடம்) நிற்பவர் 3, இரண்டாவது 4, மூன்றாவது 5, இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6. ஷார்ட்ஸ்டாப் பந்தை எடுத்து இரண்டாவதுக்குக் கொடுத்து, அங்கிருந்து முதல் பேஸுக்குப் போய் இரண்டு பேர் அவுட் என்றால் 6-4-3 என்று எழுதுங்கள். ஆடுபவர் பெயரை முழுசாக எழுதுங்கள், கல்லூரியையும் சேர்த்து. பின்னால் பெரிய நட்சத்திரங்களான ஃபிராங்க் தாமஸ் 1988-இல் ஆர்லீன்ஸ் அணியிலும், ஆரன் ஜட்ஜ் 2012-இல் புரூஸ்டர் அணியிலும் ஆடியபோது அவர்களும் இப்படி யாருக்கும் தெரியாத பையன்கள்தான். அன்று எழுதி வைத்தவர்களிடம் அந்த மாலை அப்படியே இருக்கிறது.

அப்புறம், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் பேச்சுக் கொடுங்கள். இந்த லீக் 1923-இல் தொடங்கியது, 1960கள் வரை உள்ளூர் ஆட்களும் இதில் ஆடினார்கள், அவர் அப்பாவோ சித்தப்பாவோகூட ஆடியிருக்கலாம். நோட்டில் கடைசிப் பக்கத்தைக் காலியாக விட்டு, அவர் சொல்லும் பெயர்களை அவரையே எழுதித் தரச் சொல்லுங்கள்.