மலை இல்லாத ஊரில் மின்னலுக்கு எங்கே இறங்குவது?

மலையேறுபவர்களுக்கு மின்னலைப் பற்றிச் சொல்லும் முதல் புத்தி, முழக்கம் கேட்டதும் உச்சியை விட்டுக் கீழே இறங்கு என்பது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் எங்கே இறங்குவது? இங்கே உச்சியும் இல்லை, அடிவாரமும் இல்லை. தரவை என்கிற புல்வெளியின் நடுவில் நிற்கிற பத்து வயதுப் பிள்ளைதான் சுற்றிவர எல்லாவற்றிலும் உயரமாக இருக்கும்.

நான் வடமராட்சியில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பதினொரு வருடமாகச் சனிக்கிழமைகளில் பிள்ளைகளையும், வர விரும்பும் பெற்றோரையும் கூட்டிக்கொண்டு நடக்கப் போகிறேன். வல்லிபுரக் கோயிலடியில் தொடங்கி மணற்காட்டு மணல்மேடுகள், மணலில் புதைந்து கிடக்கும் பழைய தேவாலயம், சவுக்கங்காடு என்று ஒரு நடை. தொண்டைமானாற்று ஓரமாக இன்னொன்று. பெரும்பாலும் வெட்டவெளி.

தண்ணீர்ப் போத்தல், தொப்பி எல்லாம் பிறகு. நடைக்கு முதல் நான் கொப்பியில் எழுதுவது வீடுகளை. எந்த இடத்தில் நின்றால் எந்த வீடு கிட்ட, சின்னப் பிள்ளையின் நடையில் அதற்கு எத்தனை நிமிடம் என்று எழுதுவேன். மணல்மேட்டிலிருந்து ஊர்மனைக்கு வர எங்கள் கூட்டத்துக்குப் பதினெட்டு நிமிடம் பிடிக்கும், மணலில் கால் புதையும் என்பதால். அதனால் அங்கே நிற்கும்போது தூரத்தில் முழங்கினாலே திரும்பிவிட வேண்டும். தலைக்கு மேலே வரும்வரை பார்த்துக்கொண்டு நின்றால் அந்தப் பதினெட்டு நிமிடம் நமக்குக் கிடைக்காது.

வீடு என்று நான் சொல்வது நாலு பக்கமும் சுவர் வைத்து, உள்ளே மின்சார வயரும் தண்ணீர்க் குழாயும் ஓடுகிற கட்டடத்தை. மின்னல் அதில் விழுந்தால் பெரும்பகுதி அந்த வயரையும் குழாயையும் பிடித்து நிலத்துக்குப் போய்விடும். அதனாலேயே உள்ளே போன பிறகு அவற்றில் கை வைக்கக் கூடாது. குளிப்பது, பாத்திரம் கழுவுவது, சார்ஜரில் கிடக்கும் போனை எடுத்துக் கதைப்பது எல்லாவற்றையும் ஒத்தி வையுங்கள். வயர் இணைப்பில்லாமல் கையில் இருக்கும் கைத்தொலைபேசியால் ஆபத்து இல்லை. சன்னலையும் கதவையும் விட்டு விலகி நடு அறையில் இருங்கள். விறாந்தை வீட்டுக்குள் சேர்த்தி இல்லை. ஆனால் கதிரையைப் போட்டு மழை பார்க்க எங்கள் சனம் போய் இருப்பது அங்கேதான்.

தோட்டக் கொட்டில், மீன்வாடி, சுவரில்லாத கோயில் மண்டபம், கூடாரம், பஸ் தரிப்பிடம் எல்லாம் மழைக்கு உதவும். மின்னலுக்கு உதவாது. பஸ் தரிப்பிடத்தை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஏழு வருடத்துக்கு முன் ஒரு ஐப்பசி மாதம், பின்னேரம் மூன்று மணிக்கு, பதினான்கு பிள்ளைகளை அப்படியொரு தரிப்பிடத்துக்குள் ஒதுக்கினேன். மூன்று பக்கம் சுவர், மேலே தகரம். "நனையாமல் உள்ளுக்கு வாங்கோ" என்று கூப்பிட்டது நான்தான். சற்றுத் தள்ளி நின்ற தந்திக் கம்பத்தில் மின்னல் விழுந்தது. வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன. ஓரமாக ஈரத்தில் வெறுங்காலோடு நின்ற ஒரு பிள்ளை, "ரீச்சர், கால் விறைக்குது" என்றாள். முழங்கால் வரை எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்ததாம். ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் அந்தக் கம்பத்துக்கு இன்னும் கொஞ்சம் கிட்ட நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் இன்றும் நினைக்கிறேன். நூற்றைம்பது மீற்றரில் ஓட்டு வீடு ஒன்று படலை திறந்தபடி இருந்தது. நான் அதைத் தேடியே பார்க்கவில்லை. கொப்பி அதற்குப் பிறகுதான் வந்தது.

அவளுடைய காலில் ஊர்ந்தது நிலத்தால் வந்த மின்னோட்டம். மின்னல் விழுந்த இடத்தோடு முடிந்துபோவதில்லை. தரையில் சுற்றிவரப் பரவும். விழுந்த இடத்துக்குக் கிட்ட உள்ள காலுக்கும் தள்ளி உள்ள காலுக்கும் இடையில் மின்னழுத்த வேறுபாடு இருந்தால், ஒரு காலால் ஏறி மற்றக் காலால் இறங்கும். மாடுகளுக்கு முன்காலும் பின்காலும் தூரத்தில் இருப்பதால் ஒரு மரத்தடியில் ஒதுங்கிய பட்டி முழுவதும் ஒரே அடியில் சாவதுண்டு. மின்னலால் இறப்பவர்களில் நேரே தலையில் வாங்கியவர்கள் குறைவு. நிலத்தால் வந்தது, பக்கத்து மரத்திலிருந்து பாய்ந்தது, தொட்டுக்கொண்டு நின்ற கம்பி வேலியால் வந்தது, இவைதான் கூட.

பனையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் நிலத்தில் உயர்ந்து நிற்பது அதுதான். சின்ன வயதில் அம்மப்பாவின் வளவில் இடி விழுந்த பனையை மறுநாள் காலை கிட்டப் போய்ப் பார்த்தேன். வட்டிலிருந்து அடிவரை விரல் அகலத்தில் ஒரு பிளவு ஓடியிருந்தது. அது கருகியிருக்கவில்லை, ஈரம் கசிந்துகொண்டிருந்தது. சிராய்கள் பறந்துபோய்க் கிடுகு வேலியில் ஈட்டி மாதிரிக் குத்தி நின்றன. மரத்துக்குள் இருக்கும் நீர் நொடியில் ஆவியாகி வெடிப்பதால் அப்படி ஆகிறது. அடியில் கட்டியிருந்த மறியாடு உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் செத்துக் கிடந்தது. மூன்றாம் மாதம் பனையின் வட்டு சரிந்து விழுந்தது. பனைக்குக் கீழே, ஆலுக்குக் கீழே, தனித்து நிற்கும் எந்த மரத்துக்குக் கீழேயும் ஒதுங்காதீர்கள். மழையில் நனைவது ஒன்றுமில்லை, துவாயால் துடைத்தால் போயிற்று.

எப்போது கவனமாக இருப்பது? எங்களுக்கு இரண்டு பருவம். வாடை என்கிற வடகிழக்குக் காற்று ஓய்ந்து, சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று தொடங்கும் முன் பங்குனி, சித்திரை. சோளகம் ஓய்ந்து வாடை தொடங்கும் முன் புரட்டாதிக் கடைசியும் ஐப்பசியும். காற்று விழுந்து புழுங்கும், காலையில் வானம் வெளிறி இருக்கும், மத்தியானத்துக்குப் பிறகு பூக்கோவா மாதிரி முகில் மேலே மேலே குவியும். அதன் தலை தட்டையாகப் பரவத் தொடங்கினால் நடையை நிறுத்திவிடுங்கள். இந்த மாதங்களில் நான் காலை ஆறு மணிக்குத் தொடங்கி பதினொரு மணிக்குள் முடிக்கிறேன். வளிமண்டலவியல் திணைக்களம் மின்னல் எச்சரிக்கை விட்டிருக்கிறதா என்று முதல் நாள் இரவும் அன்று காலையும் பார்ப்பேன். விட்டிருந்தால் நடை இல்லை.

மின்னலைக் கண்டதிலிருந்து சத்தம் கேட்கும் வரை எண்ணப் பிள்ளைகளுக்குப் பழக்கியிருக்கிறேன். ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு என்று நிதானமாக எண்ணினால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு செக்கன். ஒலி ஒரு கிலோமீற்றர் வர மூன்று செக்கன் எடுக்கும். முப்பது எண்ணுவதற்குள் கேட்டால் மின்னல் பத்துக் கிலோமீற்றருக்குள் நிற்கிறது. அடுத்தது உங்கள் தலைக்கு மேலேயே விழலாம். மழை பெய்யும் இடத்திலிருந்து பத்துக் கிலோமீற்றர் தள்ளியும் மின்னல் விழும், தலைக்கு மேலே வெயில் அடித்தாலும்கூட. பிள்ளைகளோடு போகும்போது நான் எண்ணிக்கொண்டு நிற்பதில்லை. முழக்கம் காதில் விழுந்தால் புறப்படுவோம், அவ்வளவுதான். உள்ளே போன பிறகு கடைசி முழக்கத்திலிருந்து முப்பது நிமிடம் காத்திருக்க வேண்டும். இடையில் ஒன்று கேட்டால் மறுபடி பூச்சியத்திலிருந்து.

என் அம்மம்மா முழங்கத் தொடங்கினால் எல்லோரையும் உள்ளே கூப்பிட்டு, அருச்சுனனின் பத்துப் பெயர்களைச் சொல்லுவா. சொல்லி முடித்தும் வெளியே விடமாட்டா. கிணற்றடிக்கும் போக முடியாது. அவவின் நம்பிக்கை எதுவாக இருந்தாலும், அந்த வீட்டில் ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

வீடு இல்லாவிட்டால் கண்ணாடி ஏற்றிய வானோ காரோ பஸ்ஸோ நல்லது. காப்பது ரயர் இல்லை, சுற்றியிருக்கும் இரும்பு உடல். மின்னல் அதன் வெளிப்புறத்தால் ஓடி நிலத்துக்குப் போகும். கையை மடியில் வைத்துக்கொண்டு, உலோகத்தைத் தொடாமல் இருங்கள். ஓட்டோ, மோட்டார் சைக்கிள், லான்ட்மாஸ்ரர் இதில் சேராது. றப்பர்ச் செருப்பும் காப்பாற்றாது. வானத்திலிருந்து கிலோமீற்றர் கணக்கில் காற்றைக் கிழித்து வந்ததை அரை அங்குல றப்பர் மறிக்குமா? சைக்கிளில் இருந்தால் கிட்டியுள்ள வீட்டுக்கு மிதியுங்கள். வெளியில் நிற்கும் நேரத்தைக் குறைப்பதுதான் முக்கியம்.

கடலிலும் களப்பிலும் நிற்பவர்களுக்கு நேரம் இன்னும் குறைவு. திறந்த வள்ளத்தில் நீங்கள்தான் உயரம். இடுப்பளவு தண்ணீரில் இறால் பிடிப்பவருக்கும் அப்படித்தான். முதல் முழக்கத்தோடு கரைக்கு வாருங்கள். வலையை நாளைக்கு எடுக்கலாம்.

ஒன்றுமே கிட்ட இல்லையென்றால், மேட்டை விட்டு இரண்டு மணல்மேடுகளுக்கு இடைப்பட்ட தாழ்வுக்கு இறங்குங்கள். தனிமரத்தையும் கம்பி வேலியையும் தண்ணீரையும் விட்டு விலகுங்கள். சவுக்கங்காடு மாதிரி ஒரே உயரத்தில் அடர்ந்து நிற்கும் மரங்களிடை நடப்பது, வெளியில் தனித்து நடப்பதை விடப் பரவாயில்லை. கூட்டமாக ஒட்டி நிற்காமல் ஆளுக்காள் பதினைந்து மீற்றராவது விட்டு, வீட்டை நோக்கி நடந்துகொண்டே இருங்கள். எல்லோரும் ஒன்றாக விழுந்தால் தூக்க ஆளிருக்காது. மயிர் சிலிர்த்தால், தோல் கூசினால், உடனே குதிகளை ஒட்டி வைத்துக் குந்தி, காதைப் பொத்திக்கொள்ளுங்கள். படுக்க வேண்டாம். குந்துவது காப்பு ஆகாது, வேறு வழியில்லாத கணத்துக்கு மட்டும்.

தெற்கே மலையேறப் போகும் எங்கள் பெடியளுக்கும் ஒரு வார்த்தை. சிவனொளிபாதமலை 2,243 மீற்றர். சித்திரையில் போனால் விடியற்புறம் ஏறி, மத்தியானத்துக்கு முன் கீழே வந்துவிடுங்கள். இடி முழங்கும்போது படிகளின் இரும்புக் கைபிடியைப் பிடிக்காதீர்கள்.

யாருக்காவது அடித்துவிட்டால் ஓடிப்போய்த் தொடுங்கள். அவர் உடம்பில் மின்சாரம் தங்கியிருக்காது. இந்தப் பயத்தால் கிட்டப் போகாமல் நின்ற ஆட்களை நான் கண்டிருக்கிறேன். 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழைத்துவிட்டு மூச்சைப் பாருங்கள். மூச்சில்லையென்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, ஐந்து சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது தரம் அழுத்துங்கள். வாய்வழி ஊதத் தெரிந்தால் முப்பது அழுத்தத்துக்கு இரண்டு. மின்னலில் இதயம் தானாகத் திரும்ப அடிக்கத் தொடங்கினாலும் மூச்சு வரத் தாமதிக்கும். அந்த இடைவெளியில்தான் உயிர் போகும். பலருக்கு அடித்திருந்தால், முனகுகிறவரை விட்டு, அசைவில்லாமல் கிடப்பவரிடம் முதலில் போங்கள். முனகுகிறவருக்கு மூச்சு இருக்கிறது. மின்னல் இன்னும் வெட்டிக்கொண்டிருந்தால், உங்களுக்கும் ஆபத்து என்பதால், முடிந்தால் ஆளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வாருங்கள். எழுந்து நடப்பவராக இருந்தாலும் ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். காது கேட்காமை, மறதி, மார்பில் படபடப்பு பிறகுகூட வரும்.

அடுத்த சனிக்கிழமை மணற்காட்டு நடை. கொப்பியில் மூன்று வீடுகள் இருக்கின்றன. மூன்றுக்கும் போன கிழமையே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். கடைசி வீட்டு அம்மா, "நான் சந்தைக்குப் போயிருந்தாலும் பரவாயில்லை பிள்ளை, படலைச் சங்கிலியைத் தூக்கினால் திறக்கும், சாவி அம்மிக்குப் பின்னால இருக்கு, பிள்ளையளை உள்ளுக்கு விடுங்கோ" என்று சொல்லியிருக்கிறா.